காவிரி மணலில் இரு ஆலாக்கள்

உறையூருக்குக் கோழியூர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. சோழ மன்னன் ஒருவன் யானைமீது வரும்போது ஒரு கோழி அந்த யானையை எதிர்த்துப் போரிட்டு விரட்டியதாம். அந்த மண்ணின் வீரத்தைக் கண்டு வியந்த மன்னன் அங்கேயே தன் தலைநகரை அமைத்துக்கொண்டானாம். கதை உண்மையோ பொய்யோ, ஒரு பறவையின் பெயரால் வழங்கிய தலைநகரங்கள் உலகில் அதிகம் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போவது அந்தக் கோழியைப் பற்றி அன்று. உறையூருக்கு வடக்கே சற்று நடந்தால் வரும் காவிரி மணலில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய எதிரிகளைக் கோழியைப் போலவே எதிர்த்து நின்ற வேறு இரண்டு பறவைகளைப் பற்றியது இது.

பங்குனி, சித்திரை மாதங்களில் திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடையிலுள்ள காவிரிப் பாலத்தின்மீது நின்று நீங்கள் கீழே பார்த்திருக்கலாம். ஆறு மெலிந்து இரண்டு மூன்று வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடும்; நடுவே வெண்மணல் திட்டுகள் எழும்பி நிற்கும். அந்த நீருக்கு மேலே, புறாவைவிட நீண்ட உடலும் குறுகிய கூரிய சிறகுகளும் பிளந்த வாலும் கொண்ட ஒரு சாம்பல் நிறப் பறவை, அலகைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி மேலும் கீழும் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று சிறகை மடக்கித் தலைகீழாக நீரில் விழும். எழும்போது வாயில் ஒரு மீன் பளபளக்கும். அதுதான் ஆற்று ஆலா.

ஆலா என்பது நம் கடற்கரையோரத்தில் வழங்கும் சொல். “பணம் பணம் என்று ஆலாய்ப் பறக்கிறான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓயாமல் நீர்மேல் சுற்றி இரை தேடும் இப்பறவையைக் கண்டே அந்த வழக்குப் பிறந்தது என்பாரும் உண்டு. ஆலாக்கள் கடற்காகங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை கடலையும் கழிமுகத்தையும் சார்ந்தே வாழ்கின்றன. அக்குடும்பத்தில் சில இனங்கள் மட்டும் கடலைத் துறந்து நாட்டின் உள்ளே ஆறுகளில் குடியேறிவிட்டன. இந்திய ஆறுகளுக்கே உரிய அத்தகைய ஆலாக்கள் இரண்டு: ஒன்று ஆற்று ஆலா, மற்றொன்று கருவயிற்று ஆலா. இரண்டும் ஸ்டெர்னா என்னும் ஒரே பேரினத்தவை. இரண்டும் கோடையில் ஆற்று மணலில் முட்டையிடுபவை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வட இந்தியாவின் பேராறுகளில் ஒரே மணல் திட்டில் அடுத்தடுத்துக் கூடு வைத்த அண்டை வீட்டார்கள் இவர்கள். இன்று ஒன்றின் நிலை கவலைக்கிடம். மற்றதன் நிலை அதைவிடப் பன்மடங்கு மோசம். ஒரே குடும்பம், ஒரே ஆறு, ஒரே மணல் — பின் ஏன் இந்த வேறுபாடு?

முதலில் இருவரையும் அடையாளம் கண்டுகொள்வோம். ஆற்று ஆலா பெரியது. அலகு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 40 செ.மீ. இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையில் கரிய தொப்பி, அலகு தடித்தது, எலுமிச்சைப் பழத்தைப்போல் நல்ல மஞ்சள், கால்கள் சிவப்பு, வயிறு வெண்மை கலந்த சாம்பல். கருவயிற்று ஆலா சிறியது; 33 செ.மீ. அளவே இருக்கும். அதற்கும் அதே கரிய தொப்பி உண்டு. ஆனால் அலகு மெலிந்து ஆரஞ்சு நிறமாக இருக்கும். மார்பு மெல்லக் கறுத்துக்கொண்டே போய் வயிறு முழுக் கருமையாகும். நீரில் இறங்கிய சட்டைக்குக் கீழ்ப்பாதி மட்டும் சாயம் ஏறியதுபோல. மழைக்காலம் முடிந்தபின் இந்தக் கருமை மறைந்துவிடும். அப்போது சிறிய ஆலா, பெரிய ஆலா என்ற வேறுபாடுதான் மிஞ்சும்.

பெயர்களின் குழப்பம்

இவ்விரண்டும் அறிவியல் உலகுக்கு அறிமுகமான கதை வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த தாமஸ் ஹார்ட்விக் என்பவர் இந்திய ஓவியர்களைக் கொண்டு இந்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் ஆயிரக்கணக்கில் வரையச் செய்தார். அந்த ஓவியங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, இலண்டனில் இருந்த ஜான் எட்வர்டு கிரே 1830 முதல் சில ஆண்டுகள் பகுதி பகுதியாக ‘இந்திய விலங்கியல் விளக்கப் படங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார். ஆற்று ஆலாவுக்கு ஸ்டெர்னா ஆரன்ஷியா என்றும், கருவயிற்று ஆலாவுக்கு ஸ்டெர்னா அக்யூட்டிகாடா என்றும் பெயரிட்டவர் அவரே. ஆரன்ஷியா என்றால் பொன்னாரஞ்சு நிறத்தது. அக்யூட்டிகாடா என்றால் கூர்வாலி. மஞ்சள் அலகுப் பறவைக்கு ஆரஞ்சின் பெயரும், ஆரஞ்சு அலகுப் பறவைக்கு வாலின் பெயரும் போய்ச் சேர்ந்ததைக் கவனியுங்கள்! படங்களுக்குரிய விளக்கவுரை வெளிவருவதற்கு முன்பே, 1835-இல், ஹார்ட்விக் காலமாகிவிட்டார். ஆக, இந்தப் பறவைகள் உலகுக்கு அறிமுகமானது நாம் பெயர்கூட அறியாத இந்திய ஓவியர்களின் தூரிகையால்தான். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இது.

அதே காலத்தில் தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் என்னும் படை அதிகாரி, 1832-இல் வெளியிட்ட பட்டியலில் பெரிய ஆலாவுக்கு ஸ்டெர்னா சீனா என்று தனியாக ஒரு பெயர் சூட்டினார். டச்சு நாட்டு அறிஞர் டெம்மிங்க் சிறிய ஆலாவுக்கு மெலனோகாஸ்டர், அதாவது கருவயிறு, என்று பெயரிட்டார். போதாக்குறைக்கு, ஜாவாத் தீவின் பெயரால் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் 1821-இல் வைத்த ஒரு பெயரையும் பலர் இதற்கே வழங்கினார்கள். கருவயிற்று ஆலாவோ ஜாவாவுக்குரிய பறவை அன்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, 1862 முதல் 1864 வரை ‘இந்தியப் பறவைகள்’ என்ற பெருநூலை வெளியிட்ட ஜெர்டனும் இந்த ஜாவாப் பெயரையே ஆண்டார். எந்தப் பெயர் முந்தியதோ அதுவே நிலைக்கும் என்பது விலங்கியல் பெயரீட்டின் விதி. அவ்விதிப்படி கிரே வைத்த இரு பெயர்களும் இறுதியில் நிலைத்தன.

பெயரைப் பற்றி இவ்வளவு வழக்காடிய அந்நாளைய அறிஞர்கள் பறவைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவலைப்படக் காரணமும் இல்லை. இரண்டையும் இந்திய ஆறுகளில் சாதாரணமாகக் காணப்படும் பறவைகளாகவே அவர்கள் எழுதிவைத்தார்கள். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நாம் பள்ளியில் படிக்கும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அரசு அலுவல் போக எஞ்சிய நேரமெல்லாம் பறவைகளின் பின்னே திரிந்தவர். யமுனைக் கரையிலுள்ள எட்டாவாவில் அவர் ஆட்சியாளராக இருந்தார். 1885-இல் அவர் இலண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பறவைத் தோல்களும் முட்டைகளும் மட்டும் ஏறத்தாழ 82,000. அந்நாளில் பறவையை ஆராய்வது என்றால் சுட்டு வீழ்த்துவதும் முட்டையை எடுப்பதும்தான். ஆயினும் ஆலாக்களை அழித்தது அந்தத் துப்பாக்கி அன்று.

மணலே தொட்டில்

ஆலா கூடு கட்டுவதில்லை. மணலில் மார்பை அழுத்தித் தேய்த்து ஒரு சிறு குழி செய்யும், அவ்வளவே. பெரும்பாலும் மூன்று முட்டைகள். சாம்பலும் பழுப்பும் கலந்த ஓட்டின்மேல் கரும்புள்ளிகள் இறைந்திருக்கும். இரண்டு முழத் தொலைவில் நின்றாலும் மணலில் கிடக்கும் கூழாங்கல் என்றே தோன்றும். குஞ்சுகளும் அப்படியே, ஆபத்து என்றால் மணலோடு மணலாய் ஒட்டிப் படுத்துவிடும்.

மரமும் புதரும் இல்லாத வெட்டவெளியை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாற்புறமும் பார்வை தடையின்றிச் செல்லும்; எதிரி வருவது தொலைவிலேயே தெரியும். அதைவிட முக்கியம், திட்டைச் சுற்றி நீர் ஓடுகிறது. நரியும் நாயும் எளிதில் வந்துசேர முடியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அரங்கன் துயிலும் தீவு எப்படி அமைந்ததோ அப்படியே, சிறிய அளவில் ஓர் அரங்கத்தை ஆலா தேடிக்கொள்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் சித்திரை வெயிலில் ஆற்று மணலில் நீங்கள் வெறுங்காலுடன் நடந்ததுண்டா? அந்தச் சூட்டில் முட்டையைத் தனியே விட்டால் சிறிது நேரத்திலேயே கரு வெந்துபோகும். பிற பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அடைகாக்கின்றன. ஆலாவோ நண்பகலில் நிழல் கொடுக்க அடைகாக்கிறது! போதாதென்று, நீர்மேல் தாழப் பறந்து வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையின்மேல் அமர்கிறது. மூன்று வாரம் இந்தப் பணி ஓயாது. மனிதன் ஒருவன் திட்டில் ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டால், ஒரு முட்டையைக்கூட மிதிக்காமலே அத்தனை கூட்டையும் அழித்துவிட முடியும். தாய்ப்பறவைகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றும்; கீழே முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

பங்குனியில் தொடங்கி வைகாசிக்குள் குஞ்சுகள் பறக்கக் கற்றாக வேண்டும். ஆனி, ஆடியில் புதுவெள்ளம் வந்துவிடும். மழையும் ஆறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காட்டிய கணக்கை இப்பறவைகள் உடம்பிலேயே எழுதிவைத்திருந்தன. அந்தக் கணக்கைத்தான் மனிதன் மாற்றினான்.

ஆற்றின் கதை

காவிரியை மனிதன் தொட்டது புதிதன்று. கல்லணை கரிகாலன் பெயரால் வழங்குகிறது. ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணையிடமிருந்தே தாம் கற்றதாகப் பொறியாளர் ஆர்தர் காட்டன் சொன்னார். அவர் 1836-இல் தொடங்கி முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதுவரை காவிரியின் நீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்துக்குச் சரிந்து போய்க்கொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. மேலணை அதைத் தடுத்தது. ஆனால் இந்த அணைகள் ஆற்றைத் திருப்பிவிட்டனவேயன்றித் தேக்கி வைக்கவில்லை. வெள்ளமும் மணலும் அவற்றைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் அணைகள் வேறு வகை. மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜ சாகர் 1911-இல் தொடங்கப்பட்டு இருபது ஆண்டுகளில் முடிந்தது. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. இவை எத்தனை இலட்சம் பேருக்குச் சோறு போட்டன என்பதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. அணையே கூடாது என்று சொல்வது என் நோக்கமும் அன்று. பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன நேர்ந்தது என்பதையே கூறுகிறேன். கோடையில் ஆற்றில் ஓடும் நீர் மிகக் குறைந்தது. நடுத்திட்டைச் சூழ்ந்து ஓடிய வாய்க்கால் வற்றியதும் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டது. தீவு தீவாக இல்லாமற் போயிற்று. ஊர் நாய்கள் நடந்தே கூட்டுக்கு வந்தன. இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. ஏதேனும் ஒரு தேவைக்காக மேலிருந்து திடீரென்று நீர் திறக்கப்பட்டால் ஒரே இரவில் முட்டையெல்லாம் அடித்துச் செல்லப்படும். இன்னொன்று, அணைகள் நீரை மட்டும் தேக்குவதில்லை. ஆறு கொண்டுவரும் மணலையும் சேர்த்தே தேக்குகின்றன.

புதுமணல் வருவது குறைந்த காலத்தில்தான், இருந்த மணலும் வண்டியேறத் தொடங்கியது. காங்கிரீட் வீடுகள் பெருகப் பெருக ஆற்று மணலுக்குக் கிராக்கி ஏறியது. தமிழ்நாட்டில் மணல் குவாரிகளை 2003-ஆம் ஆண்டில் அரசே எடுத்துக்கொண்டது. அதன்பின்னும் அனுமதித்த ஆழத்துக்குக் கீழே தோண்டுவதாக வழக்குகள் ஓயவில்லை. திருச்சி மக்கள் குடிக்கும் நீர், கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீர்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுங்கள். மணல் பறவைக்குத் தொட்டில் என்றால் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் இடிந்து போயின. 1928-இல் கட்டப்பட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. ஆற்றின் படுகை தாழ்ந்துபோனதே காரணம் என்று அப்போது பலர் கூறினார்கள்.

வழி பிரிந்த இடம்

இரண்டு ஆலாக்களுக்கும் நேர்ந்த இடர் ஒன்றே. ஆனால் அவை நடந்துகொண்ட விதம் வேறு.

திருவரங்கத்தாருக்கு மூன்று அரங்கங்கள் தெரியும். காவிரியின் மேற்புறம் சீரங்கப்பட்டணத்தில் ஆதியரங்கம், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கம், நம் ஊரில் அந்தியரங்கம். ஆதியரங்கத்துக்கு அருகே அரங்கன்திட்டு என்று பொருள்படும் ரங்கனதிட்டு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே கட்டிய ஒரு தடுப்பணையால் உண்டான சிறு தீவுகள் அவை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி மைசூர் மன்னரிடம் எடுத்துக்கூற, 1940-இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கே ஆற்று ஆலா மணலில் அன்று, நீருக்கு மேலே தலைநீட்டும் மொட்டைப் பாறைகளில் முட்டையிடுகிறது! கருநாடகத்திலேயே பத்ரா அணையில், கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது வெளிப்படும் திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன. மனிதன் ஆற்றைக் கெடுத்து ஆக்கிய நீர்த்தேக்கத்தையே இது தன் தீவாக்கிக்கொண்டது. மீனே இதன் முக்கிய உணவு. நீர்த்தேக்கத்தில் மீனுக்குக் குறைவில்லை.

சிறிய ஆலாவால் அவ்வாறு முடியவில்லை. அது மீனும் உண்ணும்; ஆனால் பூச்சிகள், இறால் வகைகள், தலைப்பிரட்டைகள் என்று ஆழமற்ற கரையோர நீரையும் அதை ஒட்டிய நிலத்தையும் நம்பி வாழ்வது. கூட்டுக்கும் ஓடும் ஆற்றின் மணலையே பெரிதும் நாடுவது. பாறையும் அணைத் திட்டும் அதற்கு வீடாகவில்லை. கங்கைச் சமவெளியிலோ, ஆற்றுத் திட்டுகளில் வெள்ளரியும் தர்பூசணியும் பயிரிடும் வழக்கம் கோடையிலேயே நடப்பது. கூடுவைக்கும் காலமும் அதுவே. இந்தச் சிறு வேறுபாடுகளே முழுக்காரணம் என்று அறுதியிட்டு விடக்கூடாது; உடலளவு, இரை, மனித நெருக்கம் எல்லாம் சேர்ந்தே வேலை செய்திருக்கும். விளைவு மட்டும் தெளிவானது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாடுகளில் கருவயிற்று ஆலா அநேகமாக அற்றுப்போய்விட்டது. இந்தியாவில் சம்பல் ஆறு, ஒடிசாவின் மகாநதி போன்ற சில இடங்களே அதற்கு எஞ்சிய பெரிய புகலிடங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் வரிசைக்கு முன்பே தள்ளப்பட்டுவிட்டது.

அப்படியானால் பெரிய ஆலா தப்பித்துக்கொண்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதே செம்பட்டியலில் 2020-இல் அதுவும் அழிவுக்கு எளிதில் ஆளாகும் இனமாக ஒரு படி ஏற்றப்பட்டது. மேக்கோங் ஆற்றில் அதன் கூடுகளைக் காக்கக் கம்போடிய ஊர்மக்களையே கூலிக்கு அமர்த்தி, இரவு பகல் காவல் வைத்திருக்கிறார்கள். பத்ராவில் ஆயிரமாயிரமாகப் பார்ப்பதால் ஊரெல்லாம் நிறைந்திருக்கிறது என்று தோன்றலாம். ஓரிடத்தில் கூடிநிற்கும் கூட்டம் பல இடங்கள் காலியானதன் அடையாளமாகவும் இருக்கலாம் அல்லவா?

சம்பலில் வேறொரு மணல் பறவைக்காக, கத்தரிக்கோல் போன்ற அலகுடைய நீர்கிழிப்பானுக்காக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளூர் மக்களைக் கூட்டுக் காவலர்களாக அமர்த்தினார்கள். அதே திட்டில் கூடுவைக்கும் கருவயிற்று ஆலாவுக்கும் அதனால் நன்மை கிடைக்கிறது. செலவு அதிகம் பிடிக்காத வேலை இது. கோடையில் மூன்று மாதம் ஆளும் நாயும் திட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பங்குனி முதல் வைகாசி வரை வாரம் ஒரு காலை நேரம் பாலத்தின் மீதோ முக்கொம்பிலோ அம்மா மண்டபப் படித்துறையிலோ நின்று ஆலாக்களைப் பாருங்கள். மணலில் இறங்க வேண்டாம். தவறி இறங்கியபின் தலைக்குமேல் பறவை கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஓர் எச்சரிக்கை: குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் மீசை ஆலாவுக்கும் சித்திரையில் ஊர் திரும்புமுன் வயிறு கறுத்துவிடும். அது இன்னும் சிறியது, 25 செ.மீ.தான், அலகு கருஞ்சிவப்பு, வால் பிளவு ஆழமற்றது. கருவயிற்று ஆலாவின் வாலோ தகைவிலான் குருவியின் வாலைப்போல் நீண்டு ஆழமாகப் பிளந்தது. ஆகவே கறுத்த வயிற்றைக் கண்டதும் துள்ளிக் குதிக்காமல் அலகையும் வாலையும் பாருங்கள். நாள், நேரம், இடம், எத்தனை பறவை, அலகின் நிறம், வயிற்றின் நிறம், மணலில் அமர்ந்ததா, வாயில் மீனுடன் எந்தத் திசையில் பறந்தது — இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றும் காணாத நாளையும் தவறாமல் எழுதுங்கள்.